மரத்தில் மஞ்சளாகப் படரும் சாந்தோரியா லைக்கன் எங்கெல்லாம் இருக்கிறது? அழிந்து வருகிறதா?

நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் மரத்தில் அந்த மஞ்சள் திட்டைக் காணோம், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பயப்பட வேண்டாம். சாந்தோரியா பாரியெட்டினா என்ற இந்த லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) அழியும் நிலையில் இல்லை. ஐரோப்பாவில் சர்வ சாதாரணம். ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. கடலோரப் பாறை, மரக்கிளை, சுவர், ஓட்டுக்கூரை எதையும் விடாது. பறவை எச்சம் விழும் இடத்தில் இன்னும் செழிக்கும். மாட்டுத் தொழுவத்து அம்மோனியாவுக்குப் பல லைக்கன்கள் தாங்காது, இது தழைக்கும்.

இன்னொன்று, நிழல் பக்கமும் பார்த்தீர்களா? மஞ்சள் நிறத்தைத் தருவது பாரியெட்டின் என்ற நிறமி, வெயிலுக்குப் பிடித்த குடை மாதிரி. நிழலில் அது குறைந்துவிடும், திட்டு சாம்பல் பச்சையாகத் தெரியும். பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஆனால் "சாதாரண இனம்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு மனசு சுடும். சில வருடங்களுக்கு முன் தன்னார்வலர்களாக ஒரு கணக்கெடுப்புக்குப் போனோம். என் பங்கு 40 மரங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, மூக்கு பட்டையில் உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். திட்டின் நடுவில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், உள்ளே அடர் ஆரஞ்சு, விளிம்பு மட்டும் வெளிர். ஒவ்வொரு மரத்திலும் எத்தனை திட்டு என்று எண்ணி எழுதினேன். ஒருங்கிணைத்தவர் அந்தக் கணக்கை அப்படியே அடித்துவிட்டார். "இதுதான் எங்கும் இருக்கிறதே, அரிதானதை மட்டும் கொடுங்கள்" என்றார். இரண்டு நாள் உழைப்பு. அடுத்த வருடம் அதே வரிசையில் குறைந்த மாதிரி தெரிந்தது. ஒப்பிடக் கையில் எண் இல்லை.

"நிபுணருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று யாராவது வருவீர்கள். நான் தாவரவியல் படித்தவன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லெக்கனோரா கோனிசியாய்டிஸ் கதையைப் பாருங்கள். கந்தக டை ஆக்சைடு புகையைத் தாங்கும் லைக்கன் அது. நிலக்கரிப் புகை மண்டிய காலத்தில் ஐரோப்பியத் தொழில் நகரங்களின் மரப்பட்டை எங்கும் அதுதான். காற்று சுத்தமானதும் சரசரவென்று குறைந்து, இன்று பல இடங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். எங்கும் இருந்ததுதானே அதுவும்? உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன், இனங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிட்டு வெளியிடும் சிவப்புப் பட்டியலில் லைக்கன்கள் முதன்முதலாக இடம்பெற்றதே 2003-இல்தான், அதுவும் 2 இனங்கள். அரிதானதற்கே அவ்வளவு தாமதம் என்றால் சாதாரணமானதை யார் எண்ணுவார்கள்?

அதனால் உங்கள் மரத்தில் இன்று எத்தனை திட்டு என்று தேதியோடு குறித்து வையுங்கள். பூஜ்யம் என்றாலும் எழுதுங்கள். லென்ஸ் இருந்தால் நல்லது. அப்புறம், அதை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கெடுப்பில் ஒருவர் ஐந்து நிமிஷம் என்று வாங்கிப்போன என் பத்து மடங்கு லென்ஸ் இன்றுவரை திரும்பி வரவில்லை. கேட்டால் கொடுத்துவிட்டேன் என்கிறார்.