கேள்வி - பதில்: பச்சை விளக்கு யாருக்கு?

கேள்வி: லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற கார் நகரங்களில் வீதிச் சமிக்ஞை விளக்குகளைக் கணினியே இயக்குகிறதாம். இங்கும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்தால் கொழும்பின் காலி வீதி நெரிசல் தீர்ந்துவிடாதா?
- வெள்ளவத்தை வாசகர் ஒருவர்

பதில்: தீராது. லொஸ் ஏஞ்சல்ஸில் அந்த வேலை 1984 ஒலிம்பிக்கை ஒட்டியே தொடங்கிவிட்டது. 2013இல் நகரின் ஏறத்தாழ 4,400 விளக்குகளும் ஒரே கணினி வலைக்குள் வந்தன. ஆனாலும் அந்த ஊர் இன்றுவரை நெரிசலுக்குப் பேர்போனதுதான். வழி கொஞ்சம் விட்டதும் வீட்டில் நின்ற காரும் வெளியே வந்துவிடுகிறது.

நம் ஊருக்கு வாருங்கள். காலை எட்டு மணிக்குக் காலி வீதிச் சந்தி ஒன்றில் விளக்கு தன்பாட்டில் நிறம் மாறிக்கொண்டிருக்கும். அதன் கீழே பொலிஸ்காரர் கை காட்டிக்கொண்டிருப்பார். சாரதிகள் பார்ப்பது கையைத்தான். எந்த நுண்ணறிவும் முதலில் அந்தக் கையோடு உடன்படிக்கை செய்தாக வேண்டும்!

அதைவிடப் பெரிய கேள்வி, இயந்திரத்திடம் எதை எண்ணச் சொல்லப்போகிறோம் என்பது. வாகனத்தை எண்ணச் சொன்னால், ஒற்றை ஆளோடு வரும் காரும் ஒன்று. மிதிபலகையில் ஆள் தொங்க வரும் 155ஆம் இலக்க பஸ்ஸும் ஒன்று. தலையை எண்ணச் சொன்னால்தான் பஸ்ஸுக்குப் பச்சை விழும். அப்போது கார்க்காரர்கள் போடும் சத்தத்தை எந்த அமைச்சர் தாங்குவார்?

பஸ்ஸிலும் குற்றம் இல்லாமல் இல்லை. தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் நடத்துநருக்கும் பெரும்பாலும் அன்றைய வசூலில்தான் கூலி. ஆகவே தரிப்பிடத்தில் ஆள் நிறையும்வரை அசையமாட்டார்கள். அதே இலக்க பஸ் பின்னால் கண்ணாடியில் தெரிந்துவிட்டால் தலைதெறிக்க ஓட்டுவார்கள். இதற்கு மருந்து மாதச் சம்பளமும் ஒழுங்கான நேர அட்டவணையும். அவை வந்தபின் ஜி.பி.எஸ். தரவை வைத்து அடுத்த பஸ் எப்போது வரும் என்று சொல்லவும், பிந்தி வரும் பஸ்ஸுக்குப் பச்சையை நீட்டிக் கொடுக்கவும் செயற்கை நுண்ணறிவு நன்றாகவே உதவும். அதை நான் மறுக்கவில்லை.

மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பானியக் கடனில் வரவிருந்த இலகு ரயிலை, செலவு அதிகம் என்று 2020இல் கைவிட்டோம். அதே ஆண்டு நிறுத்திய கார் இறக்குமதியை 2025இல் திறந்தும் விட்டோம். அமைச்சுக்கு மனு எழுதும் எண்ணம் இருந்தால், மென்பொருளைப் பிறகு பார்க்கலாம்; காலி வீதிக்கு நிரந்தரமான பஸ் முன்னுரிமை ஒழுங்கையைக் கேட்டு எழுதுங்கள். நானும் கையொப்பம் இடுகிறேன்.