செம்பனைத் தோட்டத்தில் ஓட்டம் (கடிதம்)

வணக்கம் ஐயா,

என் அலுவலகத் தோழி ஒருத்தி வாரக்கடைசியில் 'ஹாஷ்' என்ற குழு ஓட்டத்துக்குப் போகிறாள். அடுத்த ஓட்டம் ரவாங் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில், நீயும் வா என்று நச்சரிக்கிறாள். எனக்கு ஓடிப் பழக்கமே இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். குடிப்பதும் இல்லை. ஆனால் அங்கே பீர்தான் பிரதானம் என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "விடியறதுக்கு முன்னாடி கொசுக்கடியில ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவ நான். அங்கேயிருந்து தப்பிச்சு வந்தாச்சு. நீ காசு குடுத்து அங்கேயே ஓடப் போறியா?" என்று சிரிக்கிறார். நீங்கள் ஹாஷ் ஓடுவதாக எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போகலாமா?

கே., பெட்டாலிங் ஜெயா

அன்புள்ள கே,

போங்கள். மூச்சு வாங்குவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். வேகமாக ஓடுகிறவனைத்தான் இந்த விளையாட்டு அதிகம் அலைக்கழிக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். ஓட்டத்துக்கு முன்பே ஒருவரோ இருவரோ தோட்டத்துக்குள் போய்ப் பாதை போட்டுவிட்டு வருவார்கள். அவர்களுக்கு 'முயல்' என்று பெயர். துரத்திப் போகும் நாமெல்லாம் வேட்டை நாய்கள். நம் ஊரில் பாதை என்றால் பெரும்பாலும் கிழித்த காகிதத் துண்டுகள்தான்; தரையில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் செடிக் கவட்டில் செருகியிருப்பார்கள். வேறு பல நாடுகளில் மாவு தூவுகிறார்கள். அதனால் வந்த வினை ஒன்று உண்டு. 2007ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், ஐகியா கடையின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேர் மாவு தூவிப் பாதை போட, ஏதோ விஷப்பொடி என்று பயந்து கடையையே காலி செய்துவிட்டார்கள். இருவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காகிதத்தில் அந்த வம்பு இல்லை.

சரி, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறீர்கள். திடீரென்று ஓர் இடத்தில் அது நின்றுவிடும். அதுதான் 'செக்'. அங்கிருந்து பாதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கலாம். முன்னால் வந்தவர்கள் நாலா பக்கமும் சிதறித் தேடுவார்கள். ஒருவன் மேட்டில் ஏறுவான், இன்னொருவன் ஓடையில் இறங்குவான். ஒரு பக்கம் நாலைந்து காகிதம் கிடைக்கிறதே என்று ஆசையாக ஓடினால் அது பொய்ப்பாதையாக இருக்கும். போன தூரம் அத்தனையும் திரும்பி வரவேண்டும். இந்தக் கூத்து முடிவதற்குள், பின்னால் பேசிக்கொண்டே நடந்து வந்தவர்கள் செக்குக்கு வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, காலணியில் புகுந்த மண்ணையும் தட்டிவிட்டிருப்பார்கள். "ஆர் யூ?" என்று, பாதை கிடைத்ததா எனக் கேட்டுக் கத்துவார்கள். எங்கிருந்தோ "ஆன் ஆன்!" என்று பதில் வரும். சரியான காகிதம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இப்போது யார் முன்னால்? அந்தப் பக்கமாகப் பார்த்து நின்றிருந்த தொப்பைக்காரர். மேட்டில் ஏறினவன் கடைசி.

மாரத்தான் ஓடுகிறவனையும் அறுபது வயது அம்மாளையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிறவர்தான் நல்ல முயல். அது லேசுப்பட்ட காரியமில்லை. செக்கை மேட்டின் அடிவாரத்தில் வைத்தால் வேகமானவர்கள் வீணாக ஏறி இறங்குவார்கள். உச்சியில் வைத்தால் மெதுவாக வருகிறவர்களையும் சேர்த்துத் தண்டித்ததாகிவிடும். நகரத்தில் இப்போது புதிதாக முளைத்திருக்கும் ஓட்டக் குழுக்களில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம், ஏழு நிமிடம் என்று ஆளைப் பிரித்துவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் உங்களைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடுகிறவனோடு அங்கே ஒரே பாதையில் போக முடியாது. ஹாஷில் முடியும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இது பிறந்ததும் நம் கோலாலம்பூரில்தான். 1938ல் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் அவருடைய சில வெள்ளைக்கார நண்பர்களும் ஆரம்பித்தார்கள். முயலும் நாயுமாகக் காகிதம் துரத்துவது அவர்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இருந்த பழைய விளையாட்டு. சிலாங்கூர் கிளப்பை ஒட்டிய தங்கும் விடுதியின் சாப்பாடு படு சுமார். அதை அவர்கள் கேலியாக 'ஹாஷ் ஹவுஸ்' என்பார்கள், அந்தப் பெயரையே குழுவுக்கும் வைத்துவிட்டார்கள். கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில், ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த சண்டையில் இறந்துபோனார். போர் முடிந்ததும் மற்றவர்கள் மறுபடி தொடங்கினார்கள். 1950ல் சங்கமாகப் பதிவு செய்தபோது எழுதிக் கொடுத்த நோக்கங்கள் பிரசித்தம்: உடல்நலம் பேணுவது, வாரக்கடைசிப் போதையின் மிச்சத்தை இறக்குவது, நல்ல தாகத்தை வரவழைத்து அதைப் பீரால் தணிப்பது, வயதானவர்களிடம் உங்களுக்கு அவ்வளவு வயதாகவில்லை என்று நம்பவைப்பது. இன்று உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள்.

அம்மா சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தத் துரைமார்கள் சாயங்காலங்களில் ஓடிய ரப்பர்க் காடுகளை ஒட்டிய லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நம்மவர்கள் இருந்தார்கள். அதே 1938ல், ஜூன் மாதம், தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்ததை ஒட்டி, உதவி கொடுத்து மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. இரண்டும் ஒரே வருடம், பக்கத்துப் பக்கத்து உலகம். ஓட்டத்தில் எங்கேயாவது மரத்தடியில் ஒரு முனீஸ்வரர் கோயில் தென்படும். லயங்களை இடித்திருப்பார்கள், கும்பிட்ட சனங்கள் ரவாங்கிலோ கிள்ளானிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பார்கள், சூலத்தில் மட்டும் எலுமிச்சம்பழம் புதிதாகக் குத்தியிருக்கும். கூட ஓடுகிற சீன நண்பர்கள் என்னைத்தான் விளக்கம் கேட்பார்கள், நானும் தெரிந்ததைச் சொல்வேன். அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பேன். பல குழுக்களில் நடக்கிறவர்களுக்கென்று குறும்பாதை போடுவார்கள். தோட்டத்தில் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்பது அங்கே வருகிற வக்கீலையும் டாக்டரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் செம்பனை ஏமாற்றும். ஒன்பது மீட்டருக்கு ஒன்றாக முக்கோண வரிசையில் நட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நேரான சந்து ஒன்று தெரியும். எல்லாமே வந்த வழி மாதிரி இருக்கும். பொதுவாக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் வெட்டிய குலைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் பாதை, நடுவில் வெட்டிய மட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்கின்மேல் ஏறிக் குறுக்கே போகாதீர்கள். காய்ந்த மட்டையின் இரண்டு ஓரமும் முள், சாதாரணக் காலணியைத் துளைத்துவிடும். அடியில் எலி குடியிருக்கும், எலியைத் தேடி நாகமும் வரும். முழங்கால் வரை காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பீர் விஷயம். ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். புதிதாக வந்தவர், பொய்ப்பாதையில் ஏமாந்தவர், புதுக் காலணி போட்டு வந்தவர் என்று ஒவ்வொருவராக நடுவில் கூப்பிட்டு ஒரே மூச்சில் குடிக்கச் சொல்வார்கள். உங்களையும் கூப்பிடுவார்கள். ஐஸ் தண்ணீரோ சிரப்போ கையில் வைத்துக்கொண்டு போய் நில்லுங்கள். பெரும்பாலான இடங்களில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வற்புறுத்துகிற குழுவாக இருந்தால் அடுத்த வாரம் வேறு குழுவுக்குப் போங்கள், இந்த ஊரில் பஞ்சமில்லை. பாட்டுகள் சிலது காது கூசும், அதை மூடி மறைத்து உங்களை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. கோலாலம்பூரின் அந்த முதல் குழுவில் இன்றும் ஆண்கள் மட்டும்தான்; எனக்கு அது சலித்துவிட்ட பழக்கம். தோழி போவது ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் குழுவா, பெண்கள் குழுவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்கால ஓட்டம் என்றால் கைவிளக்கு கட்டாயம். வெளியே ஏழே கால் வரை வெளிச்சம் இருந்தாலும் செம்பனைக்கு அடியில் முன்னதாகவே இருட்டிவிடும். காரில் துண்டும் மாற்றுத்துணியும் இருக்கட்டும். தனியாகக் காகிதத்தைத் தவறவிட்டால் மேலே போகாமல் கடைசியாகப் பார்த்த காகிதத்துக்கே திரும்பி வந்து நின்று கத்துங்கள். பாதியிலேயே வீட்டுக்குக் கிளம்புவதானால் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாமல் போனால் உங்களைத் தேடிக்கொண்டு நாலு பேர் மறுபடி தோட்டத்துக்குள் இறங்குவார்கள்.