சின்ன படுக்கையறைக்கு இடத்தை அடைக்காத வார்ட்ரோப் எது?

ராயபுரத்தில் வாடகை வீடு, படுக்கையறை 10க்கு 9 அடி, கட்டில் போட்டபின் நடக்கவே வழியில்லை, என்ன வார்ட்ரோப் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் அறையும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு முறை தவறாக வாங்கி, பிறகு சரி செய்துகொண்டோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் இரண்டு கதவா, மூன்று கதவா என்று அகலத்தைத்தான் பேசுவார்கள். சின்ன அறையில் நம்மை நெருக்குவது ஆழம். ரெடிமேட் வார்ட்ரோப் பெரும்பாலும் 22 முதல் 24 அங்குலம் ஆழம் இருக்கும். ஹேங்கரில் மாட்டிய சட்டை குறுக்காகத் தொங்க அவ்வளவு வேண்டும். ஆனால் நம் வீடுகளில் ஹேங்கரில் தொங்கும் துணி எவ்வளவு? அம்மாவின் பட்டுப்புடவைகளைக் கட்டிலில் பரப்பி டேப் பிடித்துப் பார்த்தேன். மடித்த புடவை எதுவும் 14 அங்குலத்தைத் தாண்டவில்லை. சுடிதார், லுங்கி, துண்டெல்லாம் அதைவிடக் குறைவு. 24 அங்குலத் தட்டு இருந்தால் பின்னால் இரண்டாவது வரிசை வைப்போம். அதில் போய்ச் சேர்ந்த துணி மறுபடி கைக்கு வராது.

இப்போது உங்கள் அறைக்குக் கணக்கு போடுங்கள். 9 அடி என்றால் 108 அங்குலம். 5 அடிக் கட்டில் 60 அங்குலத்தை எடுத்துக்கொண்டால் மீதி 48. அதில் 24 அங்குல வார்ட்ரோப் வைத்தால் நடக்க 24 மிச்சம். 18 அங்குலக் கதவைத் திறந்தீர்களென்றால் 6 அங்குலம்தான். கட்டில் மேல் ஏறி நின்றுதான் துணி எடுக்க வேண்டும். ஸ்லைடிங் கதவு போடலாமே என்பார்கள். கதவு வெளியே வராது, உண்மைதான். ஆனால் தண்டவாளத்துக்கே இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாகப் போகும், ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும், தண்டவாளத்தில் தூசி சேர்ந்தால் இழுக்க இழுக்கச் சிக்கும். என்னைக் கேட்டால், 16 அங்குல ஆழமும் ஒடுக்கமான கதவுகளும்தான் சரி.

நாங்கள் செய்த தவறு பொருளில். முதலில் வாங்கியது பார்ட்டிகிள் போர்டு வார்ட்ரோப், அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. பார்க்க அவ்வளவு பளபளப்பு. எங்களுடையது தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் அடிப்பலகை டீயில் முக்கிய பொறை மாதிரி ஊதி உதிர்கிறது. கதவு மூடவே இல்லை. அதே தண்ணீரில் பக்கத்திலேயே நின்ற அம்மாவின் பழைய இரும்பு பீரோவைக் கழுவி வெயிலில் காயவைத்தோம். கால்களில் துரு, அவ்வளவுதான். அன்று அம்மா அந்த பீரோவைத் தடவிக்கொண்டே நின்றது எனக்கு மறக்காது.

ஆகவே செலவு குறைய வேண்டுமென்றால் வழக்கமான இரும்பு பீரோவே நல்ல யோசனை. உயரம் 78, அகலம் 36, ஆழம் 19 அங்குலம் இருக்கும். தகட்டின் கேஜைக் கேளுங்கள்: எண் கூடக்கூடத் தகடு மெலியும், 22ஐவிட 20 கனமானது. நம் பக்கம் கடல் காற்று என்பதால் பெயின்ட்டில் சின்னக் கீறல் விழுந்தாலும் விடாமல் டச்சப் செய்துவிடுங்கள். முக்கியமாக, உங்கள் மாடிப்படியின் திருப்பத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். பீரோவைக் கழற்ற முடியாது. ராயபுரத்துப் பழைய வீடுகளில் படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

கொஞ்சம் செலவழிக்க முடியுமென்றால் நாங்கள் இரண்டாம் முறை செய்ததைச் சொல்கிறேன். தெரிந்த கார்பென்டரிடம் 18 மில்லிமீட்டர் பி.டபிள்யூ.ஆர் (கொதிநீரையும் தாங்கும் பசை போட்ட) ப்ளைவுட்டில் செய்யச் சொன்னோம். பலகையில் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 303 முத்திரையோடு அந்த கிரேடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். கதவோடு சேர்த்து ஆழம் 17 அங்குலம், அகலம் 5 அடி, 15 அங்குலத்தில் நான்கு கதவுகள். ஒரே துண்டாக இல்லை: கீழே 6 அடிப் பெட்டி, மேலே இரண்டரை அடிப் பெட்டி, நடுவில் போல்ட். மேல் பெட்டியில் போர்வை, சூட்கேஸ். வீடு மாறினால் கழற்றி மீன்பாடி வண்டியில் ஏற்றிவிடலாம், வாடகை வீட்டுக்கு இது பெரிய வசதி. அடியில் 6 அங்குல உயர இரும்பு ஸ்டாண்ட். ஹேங்கரில் போட வேண்டிய ஆபீஸ் சட்டைகளுக்கும் மகளின் யூனிஃபார்முக்கும் ஒரு அறையில் மட்டும் முன்னோக்கி இழுக்கிற ராடு வைத்தார். சட்டைகள் நம்மைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும், ஆழம் தேவையில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இவ்வளவு உயரத்துக்கு 17 அங்குல ஆழம் என்றால் முன்னால் சாய வாய்ப்பு உண்டு, குழந்தை கதவைப் பிடித்துத் தொங்கினால் இன்னும் ஆபத்து. வீட்டு ஓனரிடம் கேட்டு, மேலே இரண்டு இடத்தில் எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள்.

பாத்ரூம் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். எந்தச் சுவரானாலும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் அப்படியே துணிக்கு ஏறும்.

அப்புறம், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழைய நியூஸ்பேப்பரை 17 அங்குலத்துக்கு வெட்டி அந்த இடத்தில் தரையில் ஒட்டுங்கள். கதவு திறக்கும் 15 அங்குலத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். இரண்டு நாள் அதைச் சுற்றியே நடங்கள். ராத்திரி விளக்கைப் போடாமல் எழுந்து போகும்போது கால் பேப்பரில் பட்டால், ஆழத்தை இன்னும் ஒரு அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள்.