ஒரு கோல்கீப்பரின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையன் பாலிடெக்னிக் விண்ணப்பத்தை நிரப்ப மாட்டேன் என்கிறான். இனி பந்தைத் தொட்டால் வீட்டுக்குள் வராதே என்கிறார் அவன் அப்பா. இதற்கு நடுவில் மாவட்ட அணித் தேர்வில் "இந்த உயரம் பத்தாது தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு கையுறையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிடலாம் என்று நினைக்கிற பையன் கையுறையைத் துவைக்க மாட்டான், அம்மா. மூலையில் வீசியிருப்பான். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெம்பு தந்தது அந்த ஒரு வரிதான்.

கிட்டத்தட்ட இதே வயதில் இதே பேச்சைக் கேட்ட ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் பெயர் டினோ ஜோஃப். இத்தாலியின் வடகிழக்கு ஓரத்தில், ஃப்ரியூலி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், 1942-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 14 வயதில் இன்டர் மிலன், யுவென்டஸ் என்ற இரண்டு பெரிய கிளப்புகளும் அவரைப் பார்த்தன. இரண்டுமே உயரம் போதாது என்று திருப்பி அனுப்பின. பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. முட்டை சாப்பிட்டால் பையன் வளர்ந்துவிடுவான் என்று தினமும் எட்டு முட்டை கொடுத்தாராம். இத்தாலியில் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை இது. பையன் வளரத்தான் செய்தான், 182 செ.மீ. உயரத்துக்கு. ஆனால் அது முட்டையால் வந்த உயரம் என்று நான் நினைக்கவில்லை. சில பையன்களுக்கு வளர்த்தி தாமதமாகத்தான் வரும். அதனால் முட்டைக் கணக்கை விட்டுவிட்டு அவனுக்கு ஒழுங்கான சாப்பாடும் எட்டு மணிநேரத் தூக்கமும் கொடுங்கள், போதும்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்க வேண்டியது ஜோஃபின் அப்பாவைப் பற்றித்தான். மகன் பந்து விளையாடுவதை அவர் தடுக்கவில்லை. ஆனால் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பையன் மெக்கானிக் பட்டறைக்கு வேலைக்குப் போனான். எஞ்சின் வேலை கற்றுக்கொண்டான், ஓய்வு நேரத்தில் ஊர் அணிக்காகக் கோல் காத்தான். பட்டறையும் மைதானமும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டில் இப்போது "படிப்பா, பந்தா" என்று ஒரு சண்டை நடக்கிறது. அந்தக் கேள்வியே தப்பு என்று நினைக்கிறேன். 15 வயதில் இரண்டில் ஒன்றைக் கொன்றுதான் இன்னொன்று வாழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1961 செப்டம்பரில், 19 வயதில், உதினேசே கிளப்புக்காக முதல் முறையாக இத்தாலியின் முதல் பிரிவு லீகில் இறங்கினார். எதிரில் ஃபியோரென்டினா. அன்று அவர் வாங்கியது ஐந்து கோல். அந்த ஆண்டே அவருடைய அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அடுத்து மாண்டோவா என்ற நடுத்தர கிளப்பில் நான்கு ஆண்டுகள், நேப்பிள்ஸில் ஐந்து ஆண்டுகள். 1968-ல் இத்தாலி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர் இவர்தான். ஆனால் 1970 உலகக் கோப்பையில் அல்பெர்டோசிதான் முதல் கோல்கீப்பர். இவர் தொடர் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

1972-ல் யுவென்டஸ் அவரை வாங்கியது. பதினான்கில் வேண்டாம் என்ற அதே யுவென்டஸ். அப்போது அவருக்கு வயது 30.

உங்கள் பையனுக்கு 15 தானே? ஜோஃபுக்கு 14-க்கும் 30-க்கும் நடுவில் 16 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் அவருடைய பெரிய காலம் தொடங்கியது. யுவென்டஸில் பதினொரு பருவங்கள், ஆறு லீக் பட்டங்கள், ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 330 லீக் ஆட்டங்கள். 1972 முதல் 1974 வரை சர்வதேச ஆட்டங்களில் 1142 நிமிடங்கள் ஒரு கோல்கூட விடவில்லை. ஹைட்டி நாட்டின் சனோன் உலகக் கோப்பையில் அடித்த கோல்தான் அந்தக் கணக்கை முடித்தது.

கோல்கீப்பர் வேலையின் தன்மை அப்படி. முன்னால் ஓடி கோல் போடுகிறவனுக்கு வேகம்தான் முதல், அது முப்பதைத் தாண்டினால் இறங்கும். கோல்கீப்பர் பார்த்துப் பார்த்துக் கற்கிறவன். எதிராளியின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, பந்து எங்கே குத்தும், எப்போது கோட்டை விட்டு வெளியே வரலாம், எப்போது வரக்கூடாது என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, கோல் வாங்கி வாங்கித்தான் வரும். அதனால் இந்த இடத்துக்கு ஆள் முதிர்வது தாமதம். காத்திருக்கிற காலத்துக்குச் சோறு போட ஒரு தொழில் வேண்டும் என்று நான் சொல்வது பையனின் கனவுக்கு எதிராக அல்ல, அந்தக் கனவு தாக்குப்பிடிக்க வேண்டும் என்றுதான்.

ஜோஃபின் அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள். ஒரு ஆட்டத்தில் மகன் கோல் வாங்கிவிட்டார். ஏன் விட்டாய் என்று அப்பா கேட்டார். அவன் அங்கிருந்து அடிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றார் மகன். "ஏன், நீ மருந்துக்கடையா வைத்திருக்கிறாய்?" என்று அப்பா திருப்பிக் கேட்டாராம். எதிர்பார்ப்பதுதானே உன் வேலை, அதற்குத்தானே அங்கே நிற்கிறாய் என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த அப்பா இவர். பந்தாட்டத்தை அவர் விளையாட்டுத்தனம் என்று தள்ளவும் இல்லை, தலையில் தூக்கிவைத்து ஆடவும் இல்லை. மற்ற எல்லாத் தொழிலையும் போல ஒழுங்காகச் செய்ய வேண்டிய தொழிலாகப் பார்த்தார். உங்கள் வீட்டுக்காரரும் திட்டுவதை விட்டுவிட்டு ஒரு நாள் மைதான ஓரத்தில் வந்து நின்று, "அந்த ரெண்டாவது கோலை ஏண்டா விட்டே?" என்று அக்கறையோடு கேட்கட்டும். பையன் அதற்கு என்ன பதில் சொல்கிறான் என்பதிலேயே அவனுக்கு இந்த வேலை வருமா வராதா என்று பாதி தெரிந்துவிடும்.

தோல்வியைத் தாங்குவானா என்று கேட்டிருந்தீர்கள். 1978 உலகக் கோப்பையில் ஜோஃப் தூரத்திலிருந்து அடித்த கோல்களை வாங்கினார். நெதர்லாந்தின் ஹான் அடித்தது ஒன்று, பிரேசிலின் நெலினியோவும் டிர்சேயுவும் அடித்தவை இரண்டு. வயது 36. கண் தெரியவில்லை, ஆள் முடிந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. பயிற்சியாளர் பியர்சோட் மட்டும் அவரை விடவில்லை. நான்கு ஆண்டு கழித்து ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பையில் ஜோஃப்தான் அணித் தலைவர்.

1982 ஜூலை 5, பார்சிலோனா. பிரேசிலுக்கு எதிராக இத்தாலி 3-2 என்று முன்னிலையில் இருக்கிறது. சமன் ஆனாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். கடைசி நிமிடங்களில் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்து மூலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. ஜோஃப் பாய்ந்து கோட்டின் மேலேயே பந்தைப் பிடித்து அமுக்கிவிட்டார். தட்டி விட்டிருந்தால் இன்னொருவன் உள்ளே தள்ளியிருப்பான். பிரேசில்காரர்கள் கோல் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். நடுவர் கண்ணில் அது எப்படிப் பட்டதோ என்ற பயத்தில் ஜோஃப் அந்தப் பந்தைக் கோட்டிலிருந்து நகர்த்தாமல் காட்டிக்கொண்டிருந்தார். ஜூலை 11 அன்று மாட்ரிட்டில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கும்போது அவருக்கு வயது 40. அதற்காக இத்தாலி வெளியிட்ட தபால்தலையில் முகம் கிடையாது. கோப்பையைத் தூக்கிப் பிடித்த கைகள் மட்டும்தான். பட்டறையில் ஸ்பேனர் பிடித்த அதே கைகள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இனி, விளையாட்டு முடிந்த பிறகு என்ன செய்வான் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். "பயிற்சியாளர் ஆகிவிடலாம் என்கிறான், அது நிலையான வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அம்மா. அதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஜோஃப் 1983-ல் 41 வயதில் ஓய்வு பெற்றார். உலகக் கோப்பையைத் தூக்கியவர் என்பதற்காக யாரும் உடனே பெரிய நாற்காலி கொடுக்கவில்லை. யுவென்டஸில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையிலிருந்துதான் தொடங்கினார். பிறகு இத்தாலியின் ஒலிம்பிக் அணியைப் பயிற்றுவித்து 1988 சியோல் போட்டிக்குத் தகுதி பெறச் செய்தார். அந்த ஆண்டு யுவென்டஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். துணைக்கு இருந்தவர் கூடவே விளையாடிய நண்பர் ஷிரேயா. எதிரணி ஒன்றை வேவு பார்க்க 1989 செப்டம்பரில் போலந்து போன இடத்தில் ஷிரேயா சாலை விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு நடத்திய அதே பருவத்தில் ஜோஃப் இத்தாலியக் கோப்பையையும், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையையும் சேர்த்து வென்றார். பருவம் முடிந்ததும் அவர் இடத்தில் வேறு ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இரண்டு கோப்பை வென்றவருக்கே அந்த நிலை. பிறகு லாத்சியோ கிளப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1994-ல் அதே கிளப்புக்குத் தலைவரும் ஆனார். 1998-ல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 2000 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பிரான்சுக்கு எதிராகக் கூடுதல் நேரத்துக்கு முந்தைய கடைசி நொடிகள் வரை 1-0 என்று வென்றுகொண்டிருந்தார்கள். வில்டோர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் த்ரெசெகே தங்க கோல் அடித்தார், அதாவது விழுந்த உடனே ஆட்டத்தை முடித்துவிடும் கோல். பிரான்சின் நட்சத்திர ஆட்டக்காரர் ஸிதானைக் கட்டுப்படுத்த ஆள் போடவில்லை என்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பெர்லுஸ்கோனி பகிரங்கமாகச் சாடினார். என் தொழிலை இப்படி மதிக்காத இடத்தில் நிற்க மாட்டேன் என்று ஜோஃப் உடனே விலகிவிட்டார். 2005-ல் ஃபியோரென்டினாவைப் பருவத்தின் கடைசி நாளில் இறக்கத்திலிருந்து காப்பாற்றினார். அதுதான் அவர் பயிற்றுவித்த கடைசி அணி.

இன்னொரு கோல்கீப்பர் வால்டர் ஜெங்கா. 1990 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை ஒரு கோலும் விடாதவர். பயிற்சியாளரான பிறகு ருமேனியா, செர்பியா, துருக்கி, வளைகுடா நாடுகள், இத்தாலி என்று பெட்டியும் கையுமாகத்தான் இருந்திருக்கிறார். 2016-ல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் கிளப்பில் சுமார் மூன்று மாதம்தான் வைத்திருந்தார்கள்.

ஆனால் உங்கள் பையனுக்கு நான் காட்ட விரும்புவது இவர்கள் இருவரையும்விட இவானோ போர்தோனை. 1978, 1982 என்று இரண்டு உலகக் கோப்பைகளிலும் ஜோஃபுக்குப் பின்னால் மாற்று கோல்கீப்பராகப் போனவர். ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. பிறகு கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆனார். 2006-ல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அதன் கோல்கீப்பர் புஃபோனுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். அந்தத் தொடர் முழுக்க புஃபோன் வாங்கியது இரண்டே கோல். ஒன்று தன் அணிக்காரனே போட்டது, மற்றொன்று பெனால்டி. தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி ஒரு அணிக்கு ஒன்றுதான். கோல்கீப்பர் பயிற்சி என்பது தனிப் பிரிவு, அதற்கென்று தனிப் படிப்பும் சான்றிதழும் இருக்கின்றன, நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு. பெரிய ஆட்டக்காரராக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை.

நம் ஊருக்கு இதை எப்படிப் பொருத்துவது என்றால், பயிற்சியாளர் உரிமத்தை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு படிப்படியாகக் கொடுக்கிறது. தொடக்க நிலைகளைத் தாண்டி சி, பி, ஏ, புரோ என்று மேலே போகும். கோல்கீப்பர் பயிற்சிக்குத் தனி வகுப்புகள் உண்டு. பட்டம் முடித்தால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, மேலக்கோட்டையூர் உடற்கல்விப் பல்கலைக்கழகம் என்று வழிகள் திறக்கும். இவையெல்லாம் இன்றைக்கு வேண்டியவை அல்ல. இன்றைக்கு வேண்டியது பாலிடெக்னிக். டிப்ளமோ முடித்தவன் நேரடியாக இரண்டாம் ஆண்டுப் பொறியியலில் சேரலாம், இல்லாவிட்டால் வேலைக்குப் போகலாம். கல்லூரி அணி, மண்டல ஆட்டம் எல்லாம் பாலிடெக்னிக்கிலும் உண்டு. மாவட்டத் தேர்வில் விட்டுப்போன உயரம் இந்த மூன்று ஆண்டில் வந்துசேரவும் வாய்ப்பு இருக்கிறது.

தம்பியிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். உன் ஏரியாவில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பொடியன்கள் யாராவது கோலில் நிற்க ஆசைப்பட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணிநேரம் அவர்களுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடு. எப்படி விழுவது, முழங்கையை எங்கே வைப்பது என்று அடுத்தவனுக்குச் சொல்லப் போகும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்று தெரியும். அது அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஆறு மாதம் பாருங்கள். பிடித்தால் பயிற்சியாளர் பேச்சை நாம் திரும்ப எடுக்கலாம்.

கலந்தாய்வுக்கான கடைசித் தேதி நெருங்குகிறது. இந்த வாரமே மூவரும் சேர்ந்து உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாலும், போய்ப் பார்க்கும்போது வகுப்பறைக்கு முன்னால் மைதானத்தைக் காட்டச் சொல்லுங்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் புல்லாவது நல்ல மண்ணாவது இருக்கிறதா என்று தம்பியே குனிந்து பார்க்கட்டும். அவன் விழப்போகிற இடம் அது.