தொண்டைக்கு என்ன கூலி?

போன மாதம் இந்தப் பக்கத்தில் வீடியோ கேம்களுக்குக் குரல் கொடுக்கிற வேலையைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கம் முழுவதையும் பிடித்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போடுகிறேன்.

கேள்வி: அக்கா, கோயில் சடங்குகளுக்கு அறிவிப்புச் செய்து பழக்கம், வானொலியிலும் ஒன்றரை வருடம் பேசியிருக்கிறேன். கொழும்பில் ஒரு ஸ்டூடியோ மொபைல் கேம் ஒன்றுக்குத் தமிழ்க் குரல் கேட்கிறார்கள். மூன்று பாத்திரம், 220 வசனம். ஒருத்தி போர்க்காரி, நிறையக் கத்த வேண்டும். வீட்டிலேயே ரெக்கோட் பண்ணி அனுப்ப வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 12,000 ரூபாய். காணுமா? கூடக் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (களுவாஞ்சிக்குடி)

பதில்: காணாது தங்கச்சி. ஏன் காணாது என்பதை நீங்களே கொப்பியில் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் கேட்கும்போது குரல் நடுங்காது.

220 வசனம் என்பது 220 தடவை வாய் திறப்பது இல்லை. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று விதமாகச் சொல்லச் சொல்வார்கள், அப்போதே 660 ஆகிவிடும். பெரும்பாலும் எக்செல் தாளில் வெறும் வசனம் மட்டும் வரும். "வா!" என்று ஒரு கட்டத்தில் இருக்கும். பிள்ளையைக் கூப்பிடுகிற "வா"வா, எதிரியைச் சண்டைக்கு இழுக்கிற "வா"வா, சாகப் போகிறவள் கடைசியாகச் சொல்கிற "வா"வா என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதைக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு பேச வேண்டும். அதுவும் வேலைதான்.

அப்புறம் வீட்டில் ரெக்கோட் பண்ணுவது. நம்மூரில் பகலில் எங்கே சத்தமில்லாத நேரம் இருக்கிறது? விடியக் காகம், கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, அதற்குள் பாண் வண்டிப் பாட்டு, பின்னேரம் பந்தடிக்கிற பொடியன்கள். ஆகவே இரவு பத்துக்குப் பிறகுதான் தொடங்கலாம். கதவை மூடி, ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் அந்த அறைக்குள் நின்று "ஆஆ" என்று கத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பத்தாவது கத்தலில் வேர்வை கண்ணுக்குள் வழியும், தொண்டையில் மணல் அள்ளிப் போட்டது போல இருக்கும். அடி வாங்குவது, விழுவது, மூச்சு முட்டுவது, எரிந்து சாவது எல்லாம் தனித்தனியாக வேண்டும். அன்றைக்கு அளவு மீறிக் கத்தினால் அடுத்த மூன்று நாளைக்கு வேறு வேலை எடுக்க முடியாது, அந்த நட்டமும் உங்களுடையதே.

நாலு மணித்தியாலப்படி மூன்று இரவு என்று வைப்போம். பிறகு ஒவ்வொரு வசனத்தையும் தனிக் கோப்பாக வெட்டிப் பெயரிட ஒரு முழுப் பகல், அது எட்டு மணித்தியாலம். மொத்தம் 20. 12,000 ரூபாயை 20ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 600. உங்கள் ஊரில் ஒரு மேசன் நாளைக்கு என்ன வாங்குகிறார் என்று விசாரித்து இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மைக் உங்களுடையது, அறையும் கரண்ட் பில்லும் உங்களுடையவை என்பதையும் மறக்க வேண்டாம்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு சாக்-ஆஃப்ட்ரா என்று நடிகர் தொழிற்சங்கம் இருக்கிறது. 2016இல் அவர்களுடைய அடிப்படைக் கூலி நாலு மணித்தியால அமர்வு ஒன்றுக்கு 825.50 டொலர். அந்தத் தொகையைக் கொழும்பில் போய்க் கேட்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் கணக்குப் பார்க்கிற முறையை எடுக்கலாம். கூலி வசனத்துக்கு இல்லை, அமர்வுக்கு. கத்துகிற வேலையைத் தனி அமர்வாக்கி இரண்டு மணித்தியாலத்தோடு நிறுத்த வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டுப் போராடிய விஷயம்தான். தொண்டை கிழிந்து ரத்தச் சுவை வந்த கதைகள் அவர்களிடம் நிறைய இருந்தன. எந்த கேம், என்ன பாத்திரம் என்றே சொல்லாமல் பேச வைத்தார்கள் என்பதும் அன்றைய முறைப்பாடுகளில் ஒன்று. நீங்களும் முதலில் அதைக் கேளுங்கள்.

நான் என்றால் 35,000 கேட்டு 28,000க்குக் கீழே இறங்க மாட்டேன். இப்படி வட்ஸ்அப்பில் அனுப்பலாம்: "மூன்று அமர்வும் எடிட்டிங்கும் சேர்த்து 35,000. கத்தல் தனி அமர்வு, இரண்டு மணித்தியாலம். நீங்கள் வசனத்தை மாற்றினால் மீள்பதிவுக்குத் தனிக் கட்டணம். பாதி முற்பணம். குரல் இந்த ஒரு கேமுக்கு மட்டும்." வாய்ப்புப் போகலாம், போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 12,000க்கு ஒத்துக்கொண்டால் அடுத்த முறை உங்களுக்கு மட்டுமல்ல, ஆரையம்பதியில், செங்கலடியில் இருக்கிற அடுத்த பிள்ளைக்கும் அதுதான் விலையாகிவிடும்.

கடைசி வரியில் "இந்த ஒரு கேமுக்கு மட்டும்" என்று ஏன் போட்டேன் என்றால், நான் பட்டது. பல வருடங்களுக்கு முன்பு ஓர் இடத்தில் தொலைபேசி அறிவிப்புக்கு என்று கூப்பிட்டு, அப்படியே ஒன்று முதல் நூறு வரை எண்ணும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். 3,000 ரூபாய் தந்தார்கள், சந்தோஷமாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு வருடம் கழித்து அம்மாவை மருந்தெடுக்கக் கூட்டிப்போய் வரிசையில் உட்கார்ந்திருந்தால், "இலக்கம் நாற்பத்தேழு" என்று என் குரலே எங்களைக் கூப்பிட்டது. அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அந்த இயந்திரம் இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறதோ, எனக்கு ஒரு சதமும் வரவில்லை. கேட்கவும் வழியில்லை, நான் கையெழுத்திட்ட தாளில் "எல்லாப் பாவனைக்கும்" என்று இருந்தது.

கேள்வி: நானும் கேம் விளையாடுகிறவன்தான். ஒரு கேமை ஆயிரம் பேர் சேர்ந்து வருடக்கணக்காகச் செய்கிறார்கள். நாலு நாள் வந்து பேசிவிட்டுப் போகிற குரல் நடிகர் ஏன் விற்பனையில் பங்கு கேட்க வேண்டும்? புரோகிராம் எழுதுகிறவனுக்கே அது இல்லையே? (ஏறாவூர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி, அமெரிக்க கேம் கம்பனிக்காரர்கள் சொன்ன வாதமும் இதுவே. இதில் பாதி உண்மை இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவருக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், அவருக்குக் கிடைக்கவில்லை என்பது மற்றவருக்கும் கொடுக்காமல் விடக் காரணமாகாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். குரல் நடிகருக்கு இந்த வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் மறுபடி மறுபடி ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக வரும் தொகை அந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது.

2008இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 விளையாடியிருப்பீர்கள். அதன் நாயகன் நிகோ பெலிக்குக்குக் குரலும் உடலசைவும் கொடுத்தவர் மைக்கேல் ஹாலிக். நாளுக்கு 1,050 டொலர்ப்படி, ஏறக்குறைய 15 மாத வேலைக்கு சுமார் ஒரு லட்சம் டொலர் கிடைத்தது. நல்ல காசுதான், அவரும் இல்லை என்று சொல்லவில்லை. கேம் முதல் வாரத்திலேயே 50 கோடி டொலருக்கு மேல் விற்றது. அதிலிருந்து அவருக்கு எதுவும் இல்லை. விளம்பரத்தில் அவர் குரல் ஓடியதற்கும் இல்லை.

இதற்காகத்தான் 2016 ஒக்டோபரில் தொடங்கி 2017 செப்டம்பர் வரை வேலைநிறுத்தம் நடந்தது. 20 லட்சம் பிரதி விற்கிற ஒவ்வொரு முறையும் ஒரு மேலதிகக் கொடுப்பனவு, அதுவும் 80 லட்சத்தோடு முடியும், அவ்வளவுதான் கேட்டார்கள். கிடைத்தது வேறு. விற்பனையோடு சம்பந்தமில்லாமல், முதல் அமர்வுக்கு 75 டொலரில் தொடங்கி பத்து அமர்வு செய்தால் மொத்தம் 2,100 டொலர் வரை போகிற ஒரு போனஸ். பதினொரு மாதம் வேலைநிறுத்தத்தில் நின்றதற்கு இது குறைவு என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் வெறும் நாட்கூலிக்கு மேல் ஒன்று உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்தார்கள், அது சின்ன விஷயமில்லை.

நடிகர்கள் பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் ஹெலனா டெய்லர் என்ற நடிகை, பயோனெட்டா 3 என்ற கேமுக்குத் தனக்கு 4,000 டொலர்தான் தர வந்தார்கள் என்று வீடியோ போட்டு, கேமை வாங்காதீர்கள் என்றார். உலகமே அவர் பக்கம் நின்றது. பிறகு, அதற்கு முன்பு 15,000 வரை பேசப்பட்டது என்பதை அவரே சொல்ல வேண்டி வந்தது. 15,000மும் குறைவுதான் என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் கணக்கைப் பாதியாகச் சொன்னதால் கூலியைப் பற்றிய பேச்சு அவரைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. காசைப் பற்றிப் பேசினால் முழுக் காசையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஆயிரம் வசனம் வாசித்துக் கொடுத்தால் 20,000 தருகிறார்களாம். கேமுக்கு இல்லை, ஏஐக்கு, அதாவது செயற்கை நுண்ணறிவுக்கு, குரல் பழக்க. நம்மூர்ப் பேச்சிலேயே வேண்டுமாம். கொடுக்கலாமா அக்கா? (அக்கரைப்பற்று)

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். முதலில் தாளை வாங்கி வாசியுங்கள்.

நம்மூர்ப் பேச்சு ஏன் வேண்டும் என்று யோசித்தீர்களா? பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்ட இருப்பது மட்டக்களப்புத் தமிழ் என்று கமில் சுவலபில் என்ற செக் நாட்டு அறிஞர் எழுதியிருக்கிறார். இந்தப் பேச்சில் ஒழுங்காகப் பதிந்த ஒலி அதிகம் இல்லை. இல்லாத பொருளுக்கு விலை கூட இருக்க வேண்டும், குறைய இல்லை. ஆயிரம் வசனத்தைக் கொடுத்த பிறகு உங்களை மறுபடி கூப்பிட வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்காது. அதனால் அந்த 20,000 ஒரு வேலையின் கூலி இல்லை, இனி வரப்போகிற எல்லா வேலையின் கூலியும் அதற்குள் அடக்கம்.

அமெரிக்க கேம் நடிகர்கள் 2024 ஜூலை 26ஆம் திகதி மறுபடி வேலைநிறுத்தம் தொடங்கியது முக்கியமாக இதற்காகவே. அடுத்த வருடம் ஜூன் வரை நின்றார்கள், 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தத்துக்கு ஏறக்குறைய 95 வீதமானோர் வாக்களித்தார்கள். கூலி உடனடியாக 15.17 வீதம் ஏறியது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது மற்றது: குரலின் நகலைச் செய்ய நடிகரின் சம்மதம் வேண்டும், எதற்குப் பாவிக்கிறோம் என்று சொல்ல வேண்டும், வேலைநிறுத்தம் நடக்கும்போது கொடுத்த சம்மதத்தை நடிகர் நிறுத்தி வைக்கலாம். யோசித்துப் பாருங்கள், நீங்கள் வேலைக்குப் போகாமல் நிற்கும்போது உங்கள் குரல் மட்டும் போய் வேலை செய்தால் எப்படி இருக்கும்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நடிப்பவர், பாடுபவர் போன்ற ஆற்றுகையாளர்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. ஆனால் "எல்லா உரிமையும்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் பிறகு சட்டத்தைக் காட்டி வாதாடுவது பெரும்பாடு. ஆகவே மூன்று விஷயம் தாளில் இருக்க வேண்டும்: எதற்கு, எத்தனை வருடத்துக்கு, வேறு கம்பனிக்கு விற்கலாமா. மூன்றாவதற்கு "இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: எங்கள் அப்பா அண்ணாவியார். விடிய விடியக் கூத்தாடி, பழக்கி, ஒரு நாளும் காசு பேசியது கிடையாது. கலைக்கு விலை பேசுவது சரியா என்று நான் ரெக்கோடிங் போகும்போதெல்லாம் கேட்கிறார். (திருக்கோவில்)

பதில்: அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரை ஊர் வெற்றிலை வைத்து அழைத்தது. கூத்துக்காரருக்குச் சட்டம் (அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏடு) கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை யார் வீட்டிலோ சோறு வந்தது, களரியில் சால்வை போட்டார்கள், சன்மானம் கொடுத்தார்கள், வயலில் வேலை என்றால் கூத்தாடிய பொடியன்களே வந்து நின்றிருப்பார்கள். அவர் காசு பேசவில்லை, ஏனென்றால் ஊர் அவரைப் பேச விடாமல் பார்த்துக்கொண்டது. அந்தக் கூத்தை யாரும் பெட்டிக்குள் போட்டு விற்கவும் இல்லை. உங்களைக் கூப்பிட்ட கம்பனி உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வரப்போவதில்லை, தொண்டை கட்டினால் கொத்தமல்லி அவித்துத் தரப்போவதுமில்லை. அதனால் அவர்களோடு காசு பேசித்தான் ஆக வேண்டும். இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: கேம் முடிவில் பெயர் போடச் சொல்லிக் கேட்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: கட்டாயம் கேளுங்கள், அடுத்த வேலைக்கு அதுதான் சாட்சி. ரெக்கோடிங் தொடங்க முன்பே கேளுங்கள். ஆங்கில எழுத்தில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்பதையும் நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள், என் பெயரை இரண்டு தடவை பிழையாகப் போட்டார்கள், இன்றுவரை திருத்தவில்லை.