சாணக்கியர் இல்லாத தேசம்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளித் தமிழாசிரியர். விசாகதத்தரின் சமஸ்கிருத நாடகமான முத்ராராட்சசம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் அந்தக் கதையைச் சொன்னேன். நந்தர்களை ஒழித்துச் சந்திரகுப்தனை அரியணையில் ஏற்றிய சாணக்கியர், நந்தர்களின் பழைய அமைச்சர் ராட்சசனையே சந்திரகுப்தனுக்கு அமைச்சராக்கப் பார்க்கிறார். ராட்சசனின் முத்திரை மோதிரம் கைக்கு வந்ததும் பொய்க் கடிதம் ஒன்றைத் தயார் செய்து, ராட்சசனோடு சேர்ந்து சந்திரகுப்தனை எதிர்க்கும் இளவரசன் மலயகேதுவை அவரிடமிருந்து பிரித்துவிடுகிறார். பிள்ளைகள் ரசித்துத்தான் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு மாணவி, "அப்போ நல்ல காரியத்துக்குன்னா ஏமாத்தலாமா சார்?" என்றாள். "பொய்மையும் வாய்மை யிடத்த" குறளைச் சொன்னேன். "அந்தக் கடிதத்தால செத்துப்போன 5 ராஜாக்களுக்கு என்ன நன்மை சார்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. சாணக்கியர் செய்தது அறமா? அறமில்லை என்றால் விசாகதத்தர் ஏன் அவரை ஜெயிக்க வைக்கிறார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அந்த 5 பேரை நான் என் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோயிருந்தேன். அப்படிக் கடந்திருக்கக் கூடாது. மலயகேதுவின் பக்கம் நின்ற குலூதம், மலயம், காஷ்மீரம், சிந்து, பாரசீகம் ஆகிய நாடுகளின் அரசர்கள் அவர்கள். கடிதத்தை நம்பிய மலயகேது, தன் நிலத்துக்கு ஆசைப்பட்டதாக நினைத்த 3 பேரைக் குழியில் தள்ளி மண் போட்டு மூடச் சொல்கிறான். யானைகளுக்கு ஆசைப்பட்டதாக நினைத்த 2 பேரை யானையைவிட்டே கொல்லச் சொல்கிறான். அப்படி ஓர் ஆசை தங்கள் பெயரில் எழுதப்பட்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

சாணக்கியருக்காக வழக்கமாகச் சொல்லும் நியாயம், அவர் தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்பது. அது உண்மைதான். மூன்றாம் அங்கத்தில் அவர் வீடு வருகிறது. வறட்டி உடைக்க ஒரு கல், சீடர்கள் கொண்டுவந்த தர்ப்பைக் குவியல், காயப்போட்ட சமித்துகளின் கனம் தாங்காமல் வளைந்த கூரை, இற்றுப்போன சுவர். பேரரசை ஆட்டிவைக்கிறவரின் வீடு இவ்வளவுதான். படிக்கும்போது கை கூப்பத் தோன்றும். ஆனால் தனக்கு எதுவும் வேண்டாம் என்று இருப்பதால் மட்டும், அடுத்தவன் உயிரைச் செலவழிக்கும் உரிமை ஒருவருக்கு வந்துவிடுமா? வராது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன குறளுக்கு முந்தையதையும் சேர்த்துப் படியுங்கள். வாய்மை என்பது "யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்று 291இல் சொல்லிவிட்டுத்தான் வள்ளுவர் 292க்கு வருகிறார். அங்கேயும் வெறும் நன்மை என்று விடாமல் "புரைதீர்ந்த நன்மை" என்கிறார். குழியில் மூடப்பட்ட 3 பேரை வைத்துக்கொண்டு அதைக் குற்றமற்ற நன்மை என்று எப்படிச் சொல்வது?

இந்த நாடகத்தில் நல்லவனும் பொய் சொல்கிறான். அதை வகுப்பில் சொன்னீர்களா என்று தெரியவில்லை. முதல் அங்கத்தில் ராட்சசனின் நண்பனான ரத்தின வியாபாரி சந்தனதாசனைச் சாணக்கியர் வரவழைக்கிறார். ராட்சசனின் குடும்பம் உன் வீட்டில் இருக்கிறதே, ஒப்படைத்துவிடு என்கிறார். இல்லவே இல்லை என்று சாதிக்கிறான் சந்தனதாசன். அது பொய். நெருக்கிக் கேட்டதும், "வீட்டில் இருந்தாலுமே கொடுக்க மாட்டேன், இல்லாதவர்களை எங்கிருந்து கொடுப்பேன்?" என்கிறான். சாணக்கியர் தனக்குள், சபாஷ் சந்தனதாசா, சிபியைத் தவிர வேறு யார் இதைச் செய்வார் என்று வியக்கிறார். புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்த அதே சிபிதான். அப்புறம் அவனைக் குடும்பத்தோடு சிறையில் போடச் சொல்கிறார்.

இரண்டு பொய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தனதாசனின் பொய்க்கு விலை அவனுடைய கழுத்து. சாணக்கியரின் பொய்க்கு விலை கொடுத்தவர்கள் எல்லாரும் வேறு ஆட்கள். பொய்யின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், உங்கள் மாணவிக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதியையும் விசாகதத்தரே எழுதியிருக்கிறார். மலயகேதுவின் நம்பிக்கையைப் பெற்றுக் கூடவே இருக்கும் பாகுராயணன் சாணக்கியரின் ஆள். ஐந்தாம் அங்கத்தில் அவன் ஒரு கணம் தயங்குகிறான். நம்மிடம் இவ்வளவு பாசமாக இருக்கிறவனை ஏமாற்ற வேண்டியிருக்கிறதே, எவ்வளவு கொடுமை என்று. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த இடம் அது.

ஏழாம் அங்கத்தில் சந்தனதாசன் கழுமரத்தைத் தோளில் சுமந்துகொண்டு கொலைக்களத்துக்குப் போகிறான். பின்னால் மனைவியும் சின்ன மகனும். கொலையாளிகளாக வேஷம் போட்டிருப்பது சாணக்கியரின் ஆட்கள், எல்லாம் ராட்சசனை வெளியே வரவழைக்கும் ஏற்பாடு. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது தெரியாது. அந்தப் பெண்ணின் அழுகை நிஜமான அழுகை. அப்பா, நீங்கள் இல்லாமல் நான் என்ன செய்வது என்று கேட்கிறான் பையன். "சாணக்கியர் இல்லாத தேசத்தில் போய் வாழ், மகனே" என்கிறான் சந்தனதாசன்.

தன் நாடகத்தில் ஜெயிக்கப்போகிறவரைப் பற்றி இப்படி ஒரு வரியை எழுதியவர், அவரை ஆராதித்து எழுதினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜெயிக்க வைத்தார் என்கிறீர்கள். சரி, எதை வைத்து ஜெயிக்கிறார்? வலையெல்லாம் ராட்சசனைத் தனிமரமாக்கத்தான் உதவியது. கடைசியில் அவர் வந்து நிற்பது நண்பன் தனக்காகச் சாகிறான் என்பதைத் தாங்க முடியாமல். அந்த இடத்தில் ஓடிப்போகிற ஒரு ராட்சசனாக இருந்திருந்தால் சாணக்கியரின் அத்தனை சூழ்ச்சியும் மண்ணாகியிருக்கும். அது சாணக்கியருக்கும் தெரியும். அதனால்தான் அமைச்சர் பதவிக்குரிய வாளை வேறு யாருக்கும் கொடுக்காமல் ராட்சசனுக்குக் கொடுக்கிறார், சந்தனதாசனை எல்லா நகரங்களின் வணிகர்களுக்கும் தலைவனாக்குகிறார். ராட்சசனின் வார்த்தைக்காக மலயகேதுவுக்கு அவன் முன்னோர் நிலம் திரும்பக் கிடைக்கிறது. யானை குதிரைகளைத் தவிர எல்லாக் கட்டுகளும் அவிழட்டும், என் சபதம் முடிந்ததால் குடுமியை மட்டும் கட்டிக்கொள்கிறேன் என்கிறார் சாணக்கியர். அந்த 5 அரசர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

ஒரு யோசனை. இந்த ஏழாம் அங்கக் காட்சியைப் பிள்ளைகளை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மகனின் வரியை அந்த மாணவிக்கே கொடுங்கள். வாசித்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.