ஊர்க் கணக்கும் பஸ் கணக்கும்: கேட்டதும் சொன்னதும்

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். 2001, 2011 இரண்டு கணக்கெடுப்பிலும் அலைந்திருக்கிறேன். மக்கள்தொகை, ரோடு, பஸ் பற்றிக் கேளுங்கள். பட்டா வேண்டாம்.

எங்கள் ஊரில் 90 வீடுதான். 2011 கணக்கில் 2,140 பேர் என்று இருக்கிறதே, தப்பா?

தப்பில்லை. கணக்கெடுப்பில் ‘கிராமம்’ என்றால் வருவாய்க் கிராமம், அதாவது வருவாய்த் துறை எல்லை வகுத்த கிராமம். நீங்கள் ஊர் என்று சொல்வது அதற்குள் கிடக்கும் குக்கிராமம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகளுக்குள் 79,000-க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் இருக்கின்றன. பக்கத்துக் காலனி, தோட்டத்து வீடுகள், ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர் எல்லாம் சேர்ந்துதான் உங்கள் 2,140. அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் அது வருவாய்க் கிராமத்துடையதா, ஊராட்சியுடையதா, குக்கிராமத்துடையதா என்று முதலில் பாருங்கள். ரேஷன் கார்டை எண்ணி ஒப்பிடாதீர்கள். திருப்பூரில் குடியிருப்பவரைக் கணக்கெடுப்பு திருப்பூரில்தான் எண்ணும், கார்டு ஊரில் இருந்தாலும்.

பட்டாவில் அப்பா பெயர்...

தாலுகா அலுவலகம் போங்கள்.

மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் எங்கள் ஊருக்குப் பஸ் ‘உண்டு’ என்று போட்டிருக்கிறது. மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்கிறோம் ஐயா.

விலக்கு உங்கள் கிராம எல்லைக்குள் விழுந்தால் ‘உண்டு’ என்று எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். பஸ் இல்லாத ஊருக்குத்தான் தூரக் குறியீடு: ஐந்து கிலோமீட்டருக்குள், ஐந்திலிருந்து பத்து, பத்துக்கு மேல். ஒரு நாளைக்கு எத்தனை நடை, கடைசி நடை எப்போது என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. காலையில் ஒரு நடை வந்து திரும்பினாலும் ‘உண்டு’தான்.

வீட்டுக்கு வீடு பைக். ஆள் ஏறாத பஸ்ஸை யார் ஓட்டுவார்கள்?

பைக்கில் போவது யார்? மகன். மருமகளும் கிழவியும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் விலக்கில் நிற்கிறார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதம் வந்தது. பஸ்ஸே வராத ஊரில் அந்தச் சலுகையை வைத்து என்ன செய்வது?

(வேறொருவர்) எங்கள் ஊரில் முதலில் காலை நடை நின்றது. அப்புறம்தான் தவணையில் பைக் வாங்கினோம்.

இதைத்தான் சொல்கிறேன்.

(பைக்காரரே மீண்டும்) நஷ்டத்தை யார் தாங்குவது?

சரி, நஷ்டம் உண்மைதான். பெரிய பஸ்ஸை மூன்று கிலோமீட்டர் உள்ளே திருப்பி எடுப்பதும் சிரமம்தான். அதற்காகத்தான் 1997-லேயே மினி பஸ் திட்டம் வந்தது. இப்போதைய திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை தடம் கொடுக்கிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். மனுவில் ‘பஸ் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். பள்ளி மணி எத்தனை, அதற்கு எத்தனை பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு எந்த நேரம் என்று எழுதுங்கள்.

எங்கள் ஊரில் 40 வீடு, கணக்கில் 1,800 பேர்...

மேலே முதல் பதில்.

எங்கள் ஊரில் 420 பேர்தான். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ரோடு கிடைக்குமா?

2000 டிசம்பரில் தொடங்கிய திட்டம். சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்கள் போன்ற சிறப்புப் பகுதிகளில் 250 பேர் என்பது வரம்பு. இங்கே பார்ப்பது குக்கிராமத்தின் எண்ணிக்கையை, வருவாய்க் கிராமத்துடையதை அல்ல. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 500 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம். பக்கத்துக் காலனியைச் சேர்த்தால் உங்கள் 420 பேர் 500-ஐத் தாண்டலாம். முன்பு 2001 கணக்கை வைத்துப் பார்த்தார்கள், நான்காம் கட்டத்தில் 2011 கணக்கு.

அடுத்த கணக்கெடுப்பு எப்போது?

ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில்.

எங்கள் ஊர் ஜனத்தொகை எவ்வளவு சார்?

எந்த ஊர் என்று சொல்லவே இல்லையே, தம்பி.